ஒரே ஆர்டருக்கு இரண்டு மில் நூல் வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறேன். முதல்முறையாக ஜெர்மனியிலிருந்து நேரடி ஆர்டர் கிடைத்தது: 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டர் துணிக்கு 160 கிராம் எடை), 30ஆம் நம்பர் கோம்டு (சீவிச் சுத்தம் செய்த பஞ்சின்) நூலில் 12,000 வட்டக் கழுத்து டி-சர்ட்டுகள், நான்கு நிறங்கள், நிறத்துக்கு 3,000. சட்டைக்கு 200 கிராம் துணி என்று கணக்கிட்டு 2,400 கிலோ, அதாவது 40 மூட்டை நூல் வாங்கினேன். கடைசியாக ஓட்டிய கருநீலத்துக்கு 6 மூட்டை குறைந்தது. அதற்குள் மாதம் பிறந்து மில்லில் விலை ஏறிவிட்டதால், கிலோவுக்கு 12 ரூபாய் குறைவாகக் கொடுத்த வேறொரு மில்லின் நூலை வாங்கி ஓட்டினோம். சாயம் ஏறிய பிறகு சில ரோல்களில் குறுக்கே கோடு தெரிந்தது; தைத்த பிறகு உடலும் கையும் வேறு வேறு நிறமாக இருந்தன. இறுதி ஆய்வில் 1,800 சட்டைகள் கழிக்கப்பட்டன. மீண்டும் துணி எடுத்துத் தைத்து விமானத்தில் அனுப்பியதில் நான்கு லட்சத்துக்கு மேல் நட்டம். ஆனாலும் அதே பார்ட்டி அடுத்த பருவத்துக்கு ஆர்கானிக் பருத்தியில் ஆர்டர் தருவதாகச் சொல்கிறார். நூலை மலிவாக வாங்க நம்பகமான வழி என்ன? எத்தனை மில்களோடு பழக வேண்டும்? சாய ஆலைக்குப் பணம் கொடுப்பதை 90 நாள்வரை தள்ளுவது வழக்கம், அது சரியா? கிடங்கில் கிடக்கும் 1,800 கருநீலச் சட்டைகளை என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். இவ்வளவு நட்டத்துக்குப் பிறகும் சொன்ன எண்ணிக்கையை முழுவதுமாக அனுப்பி முடித்திருக்கிறீர்கள். அந்தப் பார்ட்டி உங்களிடம் திரும்பி வருவதற்கு அதுவே காரணமாக இருக்கும். ஆகவே இந்த வாய்ப்பை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் முதல் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். நீங்கள் 6 மூட்டையில், அதாவது 360 கிலோவில், கிலோவுக்கு 12 ரூபாய் வீதம் மிச்சப்படுத்தியது 4,320 ரூபாய். அதனால் இழந்தது நான்கு லட்சம். நூலை மலிவாக வாங்குவது எப்படி என்பதைவிட, ஓர் ஆர்டருக்குத் தேவையான நூல் முழுவதையும் ஒரே மில்லில், ஒரே லாட்டில் (ஒரே பஞ்சுக் கலவையில் ஒரு தொகுதியாக நூற்றதில்), ஒரே நாளில் உறுதி செய்வது எப்படி என்பதே உங்கள் நிலையில் உள்ளவர் கேட்க வேண்டிய கேள்வி. மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தவைதான்.

கோடு ஏன் விழுந்தது என்பதை முதலில் விளக்குகிறேன், ஏனென்றால் நிட்டிங்காரர் மீதும் சாய ஆலை மீதும் உங்களுக்குக் கோபம் இருக்கக்கூடும். இரண்டு மூட்டையிலும் 30 கோம்டு என்று அச்சிட்டிருந்தாலும் இரண்டும் ஒரே நூல் ஆகிவிடாது. தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலிருந்து வருகிறது. எந்த ஊர்ப் பஞ்சை எந்த விகிதத்தில் கலப்பது என்பதை ஒவ்வொரு மில்லும் தன் கையிருப்பையும் விலையையும் பார்த்து முடிவு செய்கிறது. இழையின் மென்மையையும் முதிர்ச்சியையும் காட்டும் மைக்ரோனேர் அளவு இரண்டு கலவைகளுக்கும் வேறுபட்டால், அவை சாயத்தை உறிஞ்சும் அளவும் வேறுபடும். முதிராத இழை சாயத்தைக் குறைவாகவே பிடிக்கும். முறுக்கும் பிசிறும் மாறினால் ஒளி படும் விதமே மாறிவிடும். சாயமிடாத கிரே துணியாக இருக்கும்போது இவை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெள்ளையிலும் வெளிர் நிறத்திலும்கூடப் பல நேரம் தப்பிவிடும். கருநீலம், பச்சை, பழுப்பு போன்ற நிறங்களில்தான் முழுமையாக வெளிப்படும். வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஒரே சமயத்தில் பல ஃபீடர்கள் (நூல் ஊட்டிகள்) வழியாக நூல் போவதால், பழைய கோன்களோடு புதிய மில்லின் கோன்கள் கலந்தபோது அந்த வரிசைகள் மட்டும் தனிக் கோடாகத் தெரிந்திருக்கின்றன. புதிய நூல் மட்டும் ஓடிய ரோல்கள் தம்மளவில் சீராக இருந்திருக்கும். அவற்றிலிருந்து கையையும் பழைய ரோலிலிருந்து உடலையும் வெட்டியதால் சட்டை இரண்டு நிறமாகிவிட்டது. சாய ஆலை எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

ஒரே மில்லாக இருந்தாலும் லாட் மாறினால் இந்த ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. அக்டோபரில் தொடங்கும் பருத்திப் பருவத்தின் முதல் வரத்துக்கும் கடைசி வரத்துக்கும் இழையின் தன்மை வேறுபடுவதால், கலவையும் மாதத்துக்கு மாதம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் நூல் ஆர்டர் கொடுக்கும்போது மில்லின் பெயர், கவுண்ட் (நூலின் நம்பர்), கோம்டு ஆகியவற்றோடு, முழு அளவும் ஒரே லாட் எண்ணில் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தரகர் வழியாக வாங்கினாலும் இதைக் கேட்கலாம், நல்ல தரகர் இதற்குத் தயங்கமாட்டார். மூட்டைகள் வந்ததும் ஒவ்வொன்றிலும் உள்ள லாட் எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். காகிதக் கோனின் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் கோன்களை அடுக்கிப் பார்த்தால், வேறு கலவையில் நூற்ற கோன் பெரும்பாலும் தனி நிறமாகத் தெரியும். மில்கள் அன்றாடம் செய்யும் சோதனைதான் இது, அந்த விளக்குக்குப் பெரிய செலவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மொத்த நூலையும் ஓட்டும் முன் ஐந்து கிலோவைப் பின்னி, உங்கள் ஆர்டரில் உள்ள மிக அடர்ந்த நிறத்தில் சாயமிட்டு, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மில் தரும் சோதனை அறிக்கையில் வலிமையும் சீர்மையும் குறைகளின் எண்ணிக்கையும் இருக்கும். அவையும் அவசியம்தான், ஆனால் சாயம் ஏறிய ஐந்து கிலோ துணி சொல்வதை அந்த அறிக்கை சொல்லாது. பஞ்சில் கலந்த பாலிப்ரோப்பிலீன் சாக்கு இழைகள்கூட அங்கேதான் அகப்படும். அவை சாயம் ஏற்காமல் வெள்ளைக் கீற்றாக நிற்கும்.

இனி அந்த 6 மூட்டைக்கு வருகிறேன். விலை ஏறியது உண்மை என்றாலும், இந்த நட்டத்தின் வேர் கணக்கில் இருக்கிறது. சட்டைக்கு 200 கிராம் என்பது தைக்கத் தயாராக வந்த துணியின் எடை. வெட்டும்போது கழியும் துண்டுகள் அதற்குள் அடங்கிவிட்டாலும், துணி அந்த நிலைக்கு வரும்வரை ஆகும் இழப்புகள் அதில் இல்லை. 12,000 சட்டைகளுக்கு 2,400 கிலோ. ஆய்வில் கழியும் சட்டைகளுக்கு ஈடாக 3 சதவீதம் கூடுதலாக வெட்ட வேண்டும் என்று வைத்தால் 2,472 கிலோ. சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி இறுக்கும் வேலை) இரண்டிலும் சேர்த்து 8 சதவீத எடை போகும் என்று கொண்டால் அதை 0.92ஆல் வகுக்க வேண்டும். 2,687 கிலோ கிரே துணி தேவை. பின்னலில் ஒன்றரை சதவீதம் போனால் 0.985ஆல் வகுக்க, 2,728 கிலோ நூல். மூட்டைக்கு 60 கிலோ என்றால் 46 மூட்டை. நீங்கள் வாங்கியது 40, குறைந்தது 6. கணக்கு அப்படியே பொருந்துகிறது. இழப்பின் சதவீதங்களை உங்கள் நிட்டிங்காரரிடமும் சாய ஆலையிடமும் நிறவாரியாகக் கேட்டு வாங்குங்கள். வெளிர் நிறங்களில் இழப்பு சற்றுக் கூடும்; அடர் நிறங்களில் ஏறும் சாயமே எடையாக நிற்பதால் சற்றுக் குறையும். ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் உண்மையில் எவ்வளவு போனது என்று சலான்களை (சரக்கோடு போகும் சீட்டுகளை) வைத்து எழுதி வைத்தால், நாலைந்து ஆர்டர்களில் உங்களுக்கென்றே நம்பத்தகுந்த அளவுகள் கிடைத்துவிடும். நூலை எடை போட்டு வாங்குவதும் முக்கியம். பருத்தி ஈரம் ஏற்கும் பொருள், வணிகத்தில் 8.5 சதவீத ஈரம் இயல்பானது என்று ஏற்கப்படுகிறது. அதற்கு மேல் இருப்பது நீங்கள் நூல் விலைக்கு வாங்கும் தண்ணீர்.

இந்த 46 மூட்டைக்குள் கழுத்துப் பட்டையாகும் ரிப்புத் துணிக்கான நூலும் இருக்க வேண்டும். பலர் ரிப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அது வேறு நாளில் வேறு தொட்டியில் சாயம் ஏறி, கழுத்து மட்டும் தனியாகத் தெரியும். உடல் துணியும் ரிப்பும் ஒரே லாட் நூலில் பின்னப்பட்டு, ஒரே இயந்திரத்தில், ஒரே சாயக் குளியலில் இறங்க வேண்டும். ஒரு நிறத்துக்கு உங்களுக்கு 670 கிலோவை ஒட்டிய கிரே துணி வருகிறது. அதை ஒரே குளியலில் ஏற்றக்கூடிய சாஃப்ட்ஃப்ளோ சாய இயந்திரம் உள்ள ஆலையைத் தேர்ந்தெடுங்கள். அப்படி இல்லாமல் இரண்டு குளியலாகப் பிரித்தே ஆக வேண்டும் என்றால், அவற்றை இரண்டு தனி நிறங்களாகவே பாவித்து, வெட்டுமேசையிலிருந்து அட்டைப்பெட்டிவரை கலக்காமல் கொண்டுபோங்கள். நிறத்தை ஒப்பிடும்போது பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கிலும், பார்ட்டி சொல்லும் கடை விளக்கிலும் பாருங்கள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து இன்னொன்றில் பிரிந்து நிற்கும் நிறங்கள் உண்டு.

எத்தனை மில்கள் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு போதும். ஒரே மில்லை நம்பியிருந்தால், அங்கே இயந்திரம் நின்றாலோ, பெரிய ஏற்றுமதி ஆர்டர் வந்து உங்களைத் தள்ளி வைத்தாலோ உங்களுக்கு வேறு கதி இருக்காது. ஐந்தாறு மில்களிடம் மாதாமாதம் விலை கேட்டு அலைந்தால் யாருக்கும் நீங்கள் நிலையான வாடிக்கையாளர் ஆகமாட்டீர்கள். தட்டுப்பாடு வரும் மாதத்தில் உங்களுக்கு மூட்டை கிடைக்காது. இரண்டு மில்களின் நூலையும் முன்கூட்டியே பின்னிச் சாயமிட்டுச் சோதித்து வைத்திருங்கள். ஒரு ஆர்டரை ஒரு மில்லுக்கும் அடுத்த ஆர்டரை மற்ற மில்லுக்கும் கொடுங்கள். ஒரே ஆர்டருக்குள் மட்டும் இரண்டையும் சேர்க்காதீர்கள். நூல் உண்மையிலேயே குறைந்துவிட்டால், குறைந்த எண்ணிக்கையை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று பார்ட்டியிடம் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் சில சதவீதம் கூடக் குறைய அனுப்ப அனுமதி உண்டு. அதுவும் இயலாதபோது, ஒரு நிறம் முழுவதையும் புதிய லாட்டுக்கு மாற்றுங்கள். பழைய லாட்டில் மீந்த கோன்கள் வேறு வேலைக்கு உதவும்.

விலையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். 2022ஆம் ஆண்டை இத்தொழிலில் இருப்பவர் எவரும் மறக்க முடியாது. ஏறத்தாழ 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு அந்த மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பஞ்சு இறக்குமதி வரியை ஏப்ரல் 14ஆம் தேதியே அரசு நீக்கியிருந்தும் விலை உடனே இறங்கவில்லை. நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூர் மே மாத நடுவில் இரண்டு நாள் உற்பத்தியை நிறுத்தியது. அதுபோன்ற காலத்தில் சிறிய யூனிட் எதுவும் தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனால் வழக்கமான மாதங்களில் நூல் விலை உங்களை எவ்வளவு பாதிக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சட்டைக்கு உங்களுக்கு 227 கிராம் நூல் ஆகிறது. கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் சட்டைக்கு 2 ரூபாய் 27 பைசா. ஆர்டர் முழுவதற்கும் 27,000 ரூபாய் சொச்சம். லாபம் மெலிந்த தொழிலில் இது சிறிய தொகை அன்று. என்றாலும் இதைத் தாங்குவதற்கு வழி உண்டு. நீங்கள் விலை கொடுக்கும்போதே அதில் எந்த நூல் விலையை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதையும், அந்த விலை எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் எழுதிவிடுங்கள். மில்கள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில்தான் புதிய விலை அறிவிக்கின்றன என்பதால், 25ஆம் தேதி கொடுக்கும் விலை 10ஆம் தேதிவரை செல்லும் என்று எழுதாதீர்கள். ஆர்டர் உறுதியான அன்றே, மறுநாளுக்குத் தள்ளாமல், 46 மூட்டைக்கும் முன்பணம் கட்டி விலையையும் லாட்டையும் பிடித்துவிடுங்கள். கையில் பணம் இல்லையென்றால், ஆர்டரைக் காட்டி வங்கியில் ஏற்றுமதிக்கு முந்தைய பேக்கிங் கடன் பெறலாம். நூல் விலை இறங்கும் என்று காத்திருப்பது உங்கள் தொழில் அன்று. அதற்கான மூலதனமும் கிடங்கும் உள்ளவர்கள் அதைச் செய்யட்டும்.

காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் விமானக் கட்டணம் கட்ட நேர்ந்ததில் அதற்கும் பங்கு இருப்பதால் சொல்கிறேன். அனுப்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். இறுதி ஆய்வுக்கும் பேக்கிங்குக்கும் 5 நாள், தையல் 15, வெட்டு 3, சாயமும் காம்பாக்டிங்கும் 12, பின்னல் 5, நூல் வந்து சேர 7. இதுவே 47 நாள். நிற மாதிரியை ஆய்வகத்தில் எடுத்துக் கூரியரில் அனுப்பி ஒப்புதல் வாங்க இன்னும் 15 நாளாவது பிடிக்கும். ஒரு பின்னல் இயந்திரம் இந்த நூலில் நாளொன்றுக்கு 200 கிலோவை ஒட்டித்தான் தருகிறது என்பதால், 5 நாள் என்று எழுதினால் மூன்று இயந்திரங்கள் உங்களுக்காக ஓட வேண்டும் என்று பொருள். நிட்டிங்காரர் சரி என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தத் தேதியில் எத்தனை இயந்திரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாமதம் பெரும்பாலும் வேலை நடக்கும் இடத்தில் நேர்வதில்லை; ஒருவர் முடித்து அடுத்தவர் எடுக்கும் இடைவெளியில்தான் நேர்கிறது. பின்னி முடித்த ரோல்கள் டெம்போவுக்காக இரண்டு நாள், சாய ஆலை வாசலில் முறை வருவதற்காக நான்கு நாள் என்று அது சேரும். ஆகவே ஒவ்வொரு கைமாற்றமும் எந்த நாளில் நடந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போகும் பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் திரும்பி வரச் சில வாரம் ஆகும், பொங்கலில் உள்ளூர்க்காரர்கள் போவார்கள், மார்ச்சில் ஹோலி வரும். நாட்காட்டியில் இவற்றை முதலிலேயே கழித்துவிட்டுத்தான் தேதி சொல்ல வேண்டும். கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரைதான் உங்கள் பொறுப்பு என்றாலும், 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய், ஐரோப்பாவை அடையப் பத்து நாளுக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டன. அப்படிப்பட்ட நேரங்களில் பார்ட்டி அந்த நாள்களை உங்கள் அவகாசத்திலிருந்துதான் குறைப்பார் என்பதால், கப்பல் பாதையையும் கேட்டறிந்து ஒப்புக்கொள்ளுங்கள். லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி ஆகியவற்றை நூல் வாங்கும் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பார்ட்டி குறிப்பிட்ட ஆளிடம்தான் லேபிள் வாங்க வேண்டும் என்றால் இன்னும் முன்னதாக.

சாய ஆலைக்கு 90 நாள் என்பதைக் கைவிடுங்கள். இதில் சட்டமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. குறு, சிறு தொழில் நிறுவனமாகப் பதிவு செய்தவரிடம் வேலை வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இதோடு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று அறியப்படும் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. காலக்கெடு தாண்டியும் ஆண்டு இறுதியில் நிலுவையாக நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். சிறு நிறுவனத்துக்கான விற்றுமுதல் வரம்பு 2025 ஏப்ரல் முதல் 100 கோடி ரூபாய் ஆகிவிட்டதால், நீங்கள் அணுகும் நிட்டிங், சாய, பிரிண்டிங் யூனிட்டுகளில் பெரும்பாலானவை இதற்குள் வரும். நூலை வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது பொருந்தாது. யார் யார் எந்தப் பதிவில் இருக்கிறார்கள் என்பதை அவர்களுடைய உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழைக் கேட்டு உங்கள் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

சாய ஆலையின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நொய்யலில் சாயக் கழிவு கலந்ததால் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் அவற்றை நம்பியிருந்த விவசாயத்தையும் இழந்த பகுதி இது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி சாய ஆலைகள் மூடப்பட்டு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டியவையே மீண்டும் இயங்க அனுமதி பெற்றன. நீரைச் சுத்திகரித்து, சவ்வூடு வடிகட்டி, எஞ்சிய உப்புநீரை ஆவியாக்கும் செலவு ஒவ்வொரு கிலோத் துணியின் கூலியிலும் சேர்ந்திருக்கிறது. அந்தச் செலவை ஒழுங்காகச் செய்யும் ஆலை உங்கள் பணத்துக்காக மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. அதே காரணத்தால், ஊரில் நடப்பதைவிட மிகக் குறைந்த கூலிக்குச் சாயமிட்டுத் தருவதாக யாராவது சொன்னால், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். நிறைவான பதில் வராவிட்டால் வேலையைக் கொடுக்காதீர்கள். பணம் நாளில் வருகிறது என்று பெயர் எடுத்தால், நெருக்கடி மாதத்தில் இயந்திரம் உங்களுக்கு முதலில் கிடைக்கும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசிக் குறைப்பதைவிட இது பயன்தரும் என்பது இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது.

வேலைக்கு அனுப்பும் ஒவ்வொரு சலானிலும் மில், கவுண்ட், லாட் எண், இயந்திரத்தின் டயா (விட்டம்), ரோல் எண்ணிக்கை, எடை ஆகியவற்றை எழுதுங்கள். ஜாப் ஒர்க்குக்கு (கூலி வேலைக்கு) அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதிக்கும் அந்தச் சலானே சாட்சி. ஆர்கானிக் ஆர்டர் எடுத்தால் இந்தப் பழக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

அந்த ஆர்டரை ஏற்கலாமா என்றால், விலை கொடுப்பதற்கு முன் சில வேலைகளை முடித்துவிட்டு ஏற்கலாம். பார்ட்டி கேட்பது கோட்ஸ் சான்று (ஆர்கானிக் ஜவுளிக்கான உலகளாவிய தரச்சான்று) என்றால், ஆர்கானிக் நூலை வாங்கினால் மட்டும் போதாது. நூற்பாலை, நிட்டிங், சாயம், பிரிண்டிங், உங்கள் யூனிட் என எல்லாக் கண்ணிகளும் சான்றுக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஜாப் ஒர்க் செய்பவர் ஒருவர் விட்டுப்போனாலும் முழுச் சரக்கும் சான்றை இழந்துவிடும். ஒவ்வொரு விற்பனைக்கும் பரிவர்த்தனைச் சான்றிதழ் உண்டு. அதில் உள்ள எடை உங்கள் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். மேலே சொன்ன 2,728 கிலோக் கணக்கு அங்கே ஆய்வாளர் முன்பு வைக்கப்படும் கணக்காகிவிடும். 2020 அக்டோபரில் இந்தியப் பஞ்சுக்கான போலிப் பரிவர்த்தனைச் சான்றிதழ்கள் பெருமளவில் கண்டுபிடிக்கப்பட்டு, தொடர்புடைய நிறுவனங்களைக் கோட்ஸ் அமைப்பு விலக்கிவைத்தது. அதன் பிறகு காகிதங்களைப் பார்க்கும் கண்கள் கூர்மையாகிவிட்டன. எனவே மில் தரும் சான்றிதழின் நகலை நம்பி நிற்காமல், அதன் எண்ணைக் கொண்டு, அது செல்லுபடியாகிறதா, எந்த வேலைகளுக்கு வழங்கப்பட்டது என்று வழங்கிய நிறுவனத்திடமே சரிபாருங்கள். உங்கள் யூனிட்டுக்குச் சான்று பெற ஆகும் காலத்தையும் கட்டணத்தையும் அறிந்த பிறகே பார்ட்டிக்குத் தேதி சொல்லுங்கள். ஆர்கானிக் நூலில் ஒரே லாட்டில் 46 மூட்டை உடனே கிடைப்பது வழக்கமான நூலைவிடக் கடினம் என்பதால், அதற்கும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கிடங்கில் உள்ள 1,800 சட்டைகள். கருப்புச் சாயத்தை மேலே ஏற்றினால் கோடு மறையும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வெட்டாத துணிக்கு அது நல்ல வழி. மீந்த ரோல்கள் இருந்தால் அவற்றை அப்படிச் செய்யலாம். தைத்த சட்டைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். தையல் நூல் பாலியஸ்டர் என்பதால் பருத்திக்கான சாயம் அதில் ஏறாது, லேபிள் கறைபடும், காம்பாக்டிங் செய்த துணி கொதிநீரில் தளர்ந்து சுருங்கி, அளவு அட்டவணையிலிருந்து விலகிவிடும். சட்டைகளை மூன்றாகப் பிரியுங்கள். உடலும் கையும் வேறுபடுபவற்றில் மிக லேசான வேறுபாடு உள்ளவை ஒன்று, வெளிப்படையாகத் தெரிபவை இரண்டு, கோடு விழுந்தவை மூன்று. கோடு விழுந்தவற்றின் மார்பிலும் முதுகிலும் பெரிய பிரிண்ட் போட்டால் பெரும்பகுதி மறையும்; பத்துச் சட்டைகளில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பார்ட்டியின் லேபிளையும் பெயர் அச்சிட்ட பகுதியையும் முழுவதும் அகற்றி, அகற்றியதற்குப் படம் எடுத்து அனுப்பி, உள்நாட்டில் விற்க எழுத்து மூலம் அனுமதி பெற்ற பிறகே ஒரு சட்டையையும் வெளியே விடுங்கள். அனுமதி இல்லாமல் ஒரு மூட்டை சந்தைக்கு வந்தாலும் அடுத்த பருவ ஆர்டர் போய்விடும். அனுமதி கிடைத்ததும் முதல் வகையைத் தனியாகவும் மற்ற இரண்டையும் சேர்த்தும் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தை வியாபாரிகள் இருவரிடமாவது விலை கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் காட்டினால், மிகக் குறைந்த தரத்துக்கான விலைதான் மொத்தத்துக்கும் கிடைக்கும்.